மனமொத்த மாறுதல்

"‘இந்தப் பரிமாற்றத்தை ஏன் விரும்புகிறீர்கள்?’னு இங்கிலீஷ்ல கேட்டிருக்காங்க சீனு. அரைப் பக்கம் எடம் வேற வுட்டிருக்காங்க. இன்னாத்த எழுதறது?" என்றார் ராஜாங்கம்.

"மனசுல இருக்கறத எழுதுங்க சார்," என்றார் பள்ளி எழுத்தர் சீனுவாசன். "மாறுதல் கேட்டு அழுவறதுக்கு அரைப் பக்கம் குடுத்திருக்காங்கன்னா, கவர்மெண்ட்டுக்கு நல்ல புத்தி வந்திருக்குன்னு அர்த்தம்."

ராஜாங்கம் விழுப்புரத்து ஓரத்தில் இருந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வீடு திண்டிவனம். காலையில் ஆறு நாற்பது பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ, அப்புறம் பள்ளிக்கூடம். சாயங்காலம் அதே பாதை தலைகீழாக. பதினோரு வருஷமாக இதே கதை. சிறப்பு வகுப்பை முடித்துவிட்டு அவர் வீடு வந்து சேரும்போது மகள் துர்கா நோட்டின் மேல் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நூறு வாங்கிக்கொடுத்த மனிதரின் மகள் எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்கில் வாங்கியது முப்பத்தொன்று. இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் பத்தாவது போவதற்குள் திண்டிவனத்துக்கு மாற்றல் வாங்க வேண்டும், சாயங்காலம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கு சொல்லித்தர வேண்டும். அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

குடும்பத்தை விழுப்புரத்துக்கு அழைத்து வந்துவிட்டால் ஆயிற்றே என்று சொல்லாதவர்கள் இல்லை. சொன்னவர்கள் யாரும் அவர் மனைவி அம்பிகாவிடம் போய்ச் சொன்னதில்லை.

"சொந்த வூட்டக் கட்டிப் போட்டுட்டு வாடகை வூட்டுல போய்க் குந்தச் சொல்றீங்களா? அதுவும் அந்தப் பேர் தெரியாத ஸ்கூலுக்காவ? மழை பேஞ்சா ஒழுவுதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

ஆகவே மிச்சம் இருந்த ஒரே வழி மனமொத்த மாறுதல். அங்கே இருப்பவர் இங்கே வரவும் இங்கே இருப்பவர் அங்கே போகவும் சம்மதித்து இருவரும் கையெழுத்துப் போட்டால் இடம் மாறிக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற மாதிரி ராஜாங்கமும் பதினோரு வருஷமாக ஜோடி பார்த்தார். ஒரு ஜாதகமும் பொருந்தவில்லை.

அப்போதுதான், 2008 ஜூலை மாதம், அந்தச் சுற்றறிக்கை வந்தது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த பிரதி. தலைப்பின் முதல் வரியை மெஷின் தின்றுவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது ‘ஆசிரியர் பரிமாற்றத் திட்டம்’.

"மாறுதல்னா நம்மள மாத்தறது. பரிமாற்றம்னா ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கறது. மியூச்சுவலுக்குப் புதுப் பேரு வெச்சிருக்காங்க சார், அவ்ளோதான்," என்று சீனுவாசன் விளக்கினார். கணக்கு வாத்தியாருக்கு அந்த நிரூபணத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

எழுதினார். மனசில் இருந்ததை அப்படியே எழுதினார். ‘பதினோரு ஆண்டுகளாகத் தினமும் பயணம் செய்கிறேன். ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. என் இடத்துக்கு வருகிறவரிடம் என் மாணவர்களை நம்பி ஒப்படைப்பேன். அவருடைய மாணவர்களை என் மகளைப் போலப் பார்த்துக்கொள்வேன். தயவுசெய்து காலம் தாழ்த்த வேண்டாம்.’

இரண்டு மாதத்தில் பதில் வந்துவிட்டது. தேர்வாகிவிட்டாராம். உங்கள் பரிமாற்ற இணை: எஃப். மெக்கே, டிண்டேவன்.

"டிண்டேவனா?" என்றார் ராஜாங்கம்.

"திண்டிவனம் சார்! தூத்துக்குடிய டூட்டிகோரின்னு எழுதினவங்க, திருநெல்வேலிய தின்னவேலின்னு எழுதினவங்க. அந்தப் பழக்கம் இன்னும் போவல."

"மெக்கேன்னு ஒரு பேரா?"

"கிறிஸ்டியன் டீச்சரா இருப்பாங்க சார். எஃப்னா ஃபாத்திமா மேரி, ஃபிலோமினா, எதுனா இருக்கும். திண்டிவனத்துல இல்லாத கிறிஸ்டியன் டீச்சரா? ஜல்தியா ஒரு லெட்டர் போட்டுடுங்க. மனசு மாறிடப் போறாங்க."

அதுவும் நியாயம்தான். மாறுதலில் ஜோடி கடைசி நேரத்தில் கழன்றுகொள்வது உலக வழக்கம். கடிதத்தில் இருந்த அலுவலக முகவரிக்கு ராஜாங்கம் அன்றே எழுதிப் போட்டார். ‘அன்புள்ள சகோதரிக்கு, எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். பயப்பட வேண்டாம். விழுப்புரம் போவதற்கு ஆறு நாற்பது பஸ்தான் சரி. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல் சீட் பதினோரு வருஷமாக என்னுடையது. இனி அது உங்களுடையது. எங்கள் வீட்டை உங்கள் வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். என் மனைவியும் மிகவும் சந்தோஷப்படுவாள்.’

வீட்டுக்கு வாங்க, உங்க வீடு மாதிரி என்று நாம் சொல்வது சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் போகத்தான். அது நமக்குத் தெரியும். எழுத்தில் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

ஒரு மாதம் கழித்து விழுப்புரம் கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மாறுதல் ஆணை வாங்கத்தான் என்று ராஜாங்கம் நெற்றியில் விபூதி துலங்கப் போனார். அதிகாரி எழுந்து கைகொடுத்தார். பதினோரு வருஷத்தில் எந்த அதிகாரியும் அவருக்காக எழுந்ததில்லை.

"உங்க கட்டுரையப் படிச்சுட்டு கமிட்டியில கண் கலங்கிட்டாங்களாம். வர்ற டீச்சர தன் வீட்டுலயே தங்கவைக்கிறேன்னு தானா முன்வந்தவர் மாநிலத்துலயே நீங்க ஒருத்தர்தான். சரி, பாஸ்போர்ட் இருக்கா?"

"மூணு காப்பி இருக்குங்க சார்," என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார் ராஜாங்கம். மூன்று போட்டோவிலும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

"போட்டோ இல்லீங்க. பாஸ்போர்ட்டு. அது இல்லாம ஸ்காட்லாந்துக்கு எப்படிப் போவீங்க?"

"ஸ்காட்லாந்து... அது எந்தப் பக்கம் சார்? மரக்காணம் ரோட்டுலயா?"

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "கட்டுரையில இருக்கிற நகைச்சுவை நேர்லயும் இருக்கு!" என்று சொல்லி, ஜெராக்ஸ் தின்ன வரியோடு கூடிய மூலச் சுற்றறிக்கையைக் காட்டினார். ‘பன்னாட்டு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த அம்மாள் ஜனவரியில் மூன்று வாரம் இங்கே வருவாள். இவர் பிப்ரவரி கடைசியில் மூன்று வாரம் அங்கே போக வேண்டும். செலவெல்லாம் திட்டத்தைச் சேர்ந்தது.

ராஜாங்கம் போட்டோக்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நேரே தலைமையாசிரியர் அரங்கநாதனிடம் ஓடினார். "சார், இது தப்பாப் போட்ட அப்ளிகேஷன் சார். எப்டினா கேன்சல் பண்ணிக் குடுங்க."

அரங்கநாதன் அவரை ஜன்னலோரம் அழைத்துப் போய்க் காட்டினார். வெளியே இரண்டு பேர் டிஜிட்டல் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘ஸ்காட்லாந்து செல்லும் எங்கள் கணிதச் சிங்கமே!’ என்று எழுதி, முறைக்கிற அதே போட்டோ ஆறடி உயரத்தில்.

"இந்த ஸ்கூலுக்கு வாத்தியாரே வரமாட்டேன்னு சொன்ன காலம் உண்டு ராஜாங்கம். இப்ப சீமையிலேர்ந்து ஒரு வாத்தியாரம்மா வராங்க. நீங்க பின்வாங்குனா நம்ம புள்ளைங்க மொகத்த எப்படிப் பாக்கறது?"

நேரடியாகச் சொல்லி நடக்காது என்று தெரிந்ததும் ராஜாங்கம் குறுக்கு வழியில் போனார். தனக்கு ஆங்கிலம் சரளமாக வராது, ஆகவே வேறு ஒருவரை அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்வதாகக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினார். அவருடைய பணிவு எல்லோருக்கும் பிடித்துப்போனது. சனிக்கிழமைதோறும் விழுப்புரத்தில் அவருக்கென்று இலவச ஆங்கிலப் பேச்சு வகுப்பு ஏற்பாடாயிற்று. அதுவரை வாரத்துக்கு ஐந்து நாள் பஸ் ஏறியவர் இப்போது ஆறு நாள் ஏறினார்.

கடைசியாக மனைவியிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார்.

"அம்பிகா, நான் கேட்டது திண்டிவனம். தப்பா அது வந்துடுச்சு."

"ஒங்களுக்கு எப்பவுமே அடக்கம் ஜாஸ்தி," என்று அம்பிகா அடுத்த வீட்டுச் சவுரியம்மாளுக்குக் கொடுக்கக் கேசரியைக் கிண்ணத்தில் போட்டாள். அது அன்றைக்கு ஒன்பதாவது கிண்ணம். தெருவில் இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஃபியோனா மெக்கே வந்து இறங்கினாள். நல்ல உயரம், முகமெல்லாம் புள்ளி, எதற்கும் கலகலவென்று சிரிப்பு. ஓட்டல் வேண்டாம் என்றாள். திட்டக்காரர்கள் இங்கிலீஷில் மொழிபெயர்த்து அனுப்பிய ராஜாங்கத்தின் கடிதம் கையில் இருந்தது. "என் வீடு எது?" என்று கேட்டு, துர்காவின் அறையில் பெட்டியை வைத்தாள்.

மறுநாள் ஆறு நாற்பது பஸ்ஸில் மூன்றாவது ஜன்னல் சீட்டிலும் அவளே உட்கார்ந்தாள். வாக்குக் கொடுத்தாயிற்றே. ராஜாங்கம் விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டு போனார். மூன்று வாரமும் நின்றார். போகிற வழியில் அவள் வேர்க்கடலையை, அதாவது அந்த ஊர் மல்லாட்டையை, உரிக்கக் கற்றுக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரர்களிடம் "தள்ளிக்கினு குந்துங்க" என்று சுத்தமாகச் சொன்னாள். பஸ்ஸே கைதட்டியது.

பள்ளியில் அவள் செய்தது ஒரே ஒரு காரியம். விடை சொன்ன பிள்ளையிடம் சரி என்றோ தப்பு என்றோ சொல்லமாட்டாள். "எப்படி?" என்பாள். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வாரம் பாடம் நடத்தினாள். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் கரும்பலகைக்கு வந்து எப்படி என்று சொல்லத் தொடங்கினார்கள். ராஜாங்கம் அதைப் பின்னால் நின்று பார்த்தார். இத்தனை வருஷமாக விடையை மட்டும் திருத்திக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. சாயங்காலம் வீட்டில் துர்காவிடமும் அதே "எப்படி?" தொடர்ந்தது. துர்கா தூங்க மறந்தாள்.

வழியனுப்பு விழாவுக்கு அம்பிகாவும் வந்தாள். பதினோரு வருஷத்தில் அந்தப் பள்ளியை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒழுகின கூரையை ஓராண்டுக்கு முன்பே சரிசெய்திருந்தார்கள். அதைச் சொன்னால் வீடு மாற்றச் சொல்கிறார் என்று சண்டை வரும் என்பதால் ராஜாங்கம் சொன்னதில்லை. ஒரு பெண் மேடையேறி, "எங்க அண்ணன், அக்கா, நான், மூணு பேரும் ராஜாங்கம் சார்கிட்டதான் கணக்கு படிச்சோம். மூணு பேரும் நூறு," என்று மைக்கில் திக்காமல் சொன்னாள். கூட்டம் ஆரவாரித்தது. அம்பிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள்.

"இன்னா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. ஒங்க ஸ்கூலுக்கு எதிர்ல இருக்குதே, பச்சை கேட்டுப் போட்ட வூடு, அது யாருது?"

"யாருக்குத் தெரியும்? எதுக்குக் கேக்கற?"

"சும்மா," என்றாள் அம்பிகா.

பிப்ரவரி கடைசியில் ராஜாங்கம் போய் இறங்கிய டிண்டேவன் கடலோரத்து ஊர். மரக்காணத்தில் அடிக்கிற அதே மீன் வாசனை அடித்தது. வெயிலைத்தான் காணோம். தலைமையாசிரியரின் கம்பளிக் குல்லா, சீனுவாசனின் மஃப்ளர், சவுரியம்மாள் மகனின் ஜெர்கின் என்று ஊரே சேர்ந்து போர்த்திவிட்ட உடம்போடு ராஜாங்கம் வகுப்பில் நுழைந்தார். முதல் இரண்டு நாள் அவருடைய ஆங்கிலம் அவர்களுக்குப் புரியவில்லை, அவர்களுடைய ஆங்கிலம் இவருக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் எட்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறிய ஒரு பையனிடம் பொறுக்கமாட்டாமல் தமிழிலேயே தொடங்கிவிட்டார்.

"ஓரெட்டு எட்டு! ஈரெட்டு பதினாறு! மூவெட்டு இருபத்துநாலு!"

அந்த ஓசையில் என்ன கண்டார்களோ, வகுப்பு மொத்தமும் மேஜையைத் தட்டிக்கொண்டு கூடவே சொல்ல ஆரம்பித்தது. பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. மூன்றாவது வாரம் பள்ளி முழுக்கக் கூடிய அரங்கில் இருநூறு பிள்ளைகள் "ஈரெட்டு பதினாறு" என்று முழங்கினார்கள். தினமும் பஸ் ஏறிப் போன வாத்தியாருக்கு, இத்தனை கடல் தாண்டி வந்து, நம்ம வாய்ப்பாட்டை இவர்கள் வாயால் கேட்கக் கொடுத்துவைத்திருந்ததே என்று ராஜாங்கம் பெருமையில் அழுதார். குளிரில் மூக்கு ஒழுகுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், நல்லவேளை.

ஆசிரியர் அறையில் ஒருவர் சலித்துக்கொண்டார். தினமும் நாற்பது மைல் கார் ஓட்டி வருகிறாராம். வீட்டுப் பக்கம் மாற்றல் கிடைக்கவில்லையாம். ராஜாங்கம் அவர் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார்.

ஊர் திரும்பியதும் பேனர்களுக்குக் குறைவில்லை. அடுத்த மாதம் வந்த ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் துர்கா கணக்கில் அறுபத்திரண்டு வாங்கினாள். "தினம் ஒக்காந்து சொல்லிக்குடுத்தா நூறே வாங்குவேன்ப்பா," என்றாள். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்பிகா கண்ணால் அதட்டினாள். ராஜாங்கம் அதைக் கவனித்தார், ஆனால் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம் விழுப்புரத்தில் மாவட்டப் பாராட்டு விழா வைத்தார்கள். அன்றைக்கு வீடு முழுக்கப் பாத்திரங்கள் சாக்கில் கட்டிக் கிடந்தன.

"வெள்ளையடிக்கப் போறோம். அதான் நான் விழாவுக்கு வரல," என்றாள் அம்பிகா. "முடிஞ்சதும் ஸ்கூல்லயே இருங்க. போன் பண்றேன். அதுக்கு முன்னால இங்க வந்துடாதீங்க, சுண்ணாம்பு பேஜாரு."

விழாவில் டிண்டேவனிலிருந்து வந்த கடிதத்தைப் படித்தார்கள். எங்கள் பிள்ளைகள் இன்னும் தமிழில்தான் எட்டாம் வாய்ப்பாடு சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அரங்கம் எழுந்து நின்றது. அதிகாரி ராஜாங்கத்துக்குச் சால்வை போர்த்திவிட்டு மைக்கிலேயே கேட்டார்.

"மாவட்டத்துக்கே பெருமை தேடித் தந்திருக்கீங்க. உங்களுக்கு நாங்க இன்னா செய்யணும்? தயங்காமக் கேளுங்க சார்."

ராஜாங்கம் எதிரே பார்த்தார். முதல் வரிசையில் அவருடைய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களை விட்டுப் போகவேண்டுமா என்று மனசு ஒரு நிமிஷம் அடித்துக்கொண்டது. பிறகு, நோட்டின் மேல் கவிழ்ந்து தூங்கும் துர்கா ஞாபகத்துக்கு வந்தாள்.

"எனக்குத் திண்டிவனத்துக்கு மாறுதல் வேணும் சார்."

இரண்டாம் வரிசையில் அரங்கநாதன் குண்டூசி குத்தினவரைப் போலத் துள்ளி எழுந்தார். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். தலையில் அடித்துக்கொண்டார். அவரை மேடைக்கு வரவிடாமல் போட்டோகிராபர்கள் நெரித்தார்கள். நல்ல வாத்தியாரை இழக்க மனசு வராமல் இப்படித் துடிக்கிறாரே என்று ராஜாங்கத்துக்கு மறுபடியும் கண் கலங்கியது. மேடையிலிருந்தே அவரைக் கும்பிட்டார்.

"கொடுத்தாச்சு!" என்றார் அதிகாரி. "திண்டிவனத்துல இந்த மாசம்தான் ஒரு எடம் காலியாயிருக்கு. சிறப்பு ஆணை. மூணு வருஷத்துக்கு யாரும் உங்கள அங்கேர்ந்து அசைக்க முடியாது. நீங்களே வந்து கேட்டாலும் முடியாது!"

ஆணை கைக்கு வந்ததும் ராஜாங்கம் யாருக்கும் நிற்கவில்லை. போன் வரும்வரை பள்ளியில் காத்திருக்கப் பொறுமையும் இல்லை. கூட்டத்துக்குள் "சார்! சார்!" என்று அரங்கநாதன் கத்துவது காதில் விழுந்தது. கையசைத்துவிட்டுப் பஸ் ஏறினார். பதினோரு வருஷத்தில் பட்டப்பகலில் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுப்பது இதுவே முதல் தடவை. மூன்றாவது ஜன்னல் சீட் காலியாக இருந்தது. சால்வையை மடித்து மடியில் வைத்து, அதன்மேல் ஆணையை வைத்து, வழிநெடுகத் தடவிக்கொண்டே வந்தார். ஆறு நாற்பது பஸ்ஸுக்கு இனி ஒரு பெரிய கும்பிடு. இதை அம்பிகாவிடம் எப்படிச் சொல்வது, போனதும் சொல்வதா, ஒரு வாய் காபி குடித்துவிட்டுச் சொல்வதா என்று யோசித்து யோசித்துச் சிரித்தார்.

தெருமுனையில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். வீட்டில் சுண்ணாம்பு வாசனை இல்லை. கதவில் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது. வாசலில் வைக்கோல் துணுக்கும் சணல் கயிறுமாகச் சிதறிக் கிடந்தது.

அடுத்த வீட்டுச் சவுரியம்மாள் முறத்தோடு வெளியே வந்து அவரைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"இன்னா சார் இங்க வந்து நிக்கறீங்க, ஒங்களுக்கு இனிமே பஸ்ஸே வேணாம்னு அம்பிகா காலையிலேயே சாமானெல்லாம் லாரில ஏத்திக்கினு, இந்த வூட்ட ஒரு பேங்க்காரருக்கு மூணு வருசத்துக்கு வாடகைக்கு வுட்டுட்டு, ஒங்க ஸ்கூலுக்கு எதிர்ல பச்சை கேட்டு வூட்டுக்குக் குடி பூடுச்சே, துர்காவக்கூட ஒங்க கிளாஸ்லயே சேத்தாச்சாமே!"